13 வயதுப் பையனின் உடம்பில் என்ன நடக்கிறது?

"என் மகனுக்கு 13 வயது முடிந்துவிட்டது, எட்டாம் வகுப்பு படிக்கிறான். இடது மார்புக் காம்புக்கு அடியில் சின்னக் கட்டி மாதிரி இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான். குரல் இப்போதுதான் கரகரக்க ஆரம்பித்திருக்கிறது. வகுப்பில் இவன்தான் குட்டை. சில நாள் காலையில் பெட்ஷீட்டை அவனே எடுத்துப்போய் நனைத்துவைக்கிறான், கேட்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இதெல்லாம் சாதாரணம்தானா? டாக்டரிடம் காட்டணுமா? அம்மாவாக இருந்துகொண்டு இதை அவனிடம் எப்படிப் பேசுவது?"

பயப்படாதீங்கம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் நோய் என்று சொல்ல எதுவும் இல்லை. கட்டி, கரகர குரல், பெட்ஷீட், குட்டையாக இருப்பது எல்லாமே அந்த வயதுக்கு உரியவைதான். அவசரமில்லாமல் ஒரு நாள் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தால் போதும். ஆனாலும் நான் குழந்தைகள் நல மருத்துவர் என்ற முறையில் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். நம் வீடுகளில் பெண் பிள்ளை பெரியவளானால் தெருவுக்கே தெரியும். தாய்மாமன் சீர், உளுந்தங்களி, மஞ்சள் நீராட்டு என்று ஒரு வாரம் அவளைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். பையனுக்கும் ஏறக்குறைய அதே வயதில் உடம்பு முழுக்க மாறுகிறது. அவனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசாத இடத்தை பஸ் ஸ்டாண்டு சுவரொட்டியும் செல்போனும் நிரப்பிவிடுகின்றன. என்னிடம் வரும் பையன்களில் பலர் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாமல், பயத்தை மட்டும் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

இந்த மாற்றங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பையன் வளர ஆரம்பித்ததற்கு மீசைதான் அடையாளம் என்று நினைக்கிறோம். உண்மையில் முகத்து முடி இந்த வரிசையில் பின்னால்தான் வரும். முதலில் வளர்வது விதைகள். 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் பகுதி, அதுவரை அடங்கியிருந்தது, இரவுத் தூக்கத்தில் விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியை எழுப்ப, பிட்யூட்டரி விதைகளை எழுப்புகிறது. விதைகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதை அளப்பதற்கு என் மேஜை டிராயரில் ஒரு மணிக் கோவை வைத்திருக்கிறேன். 1 மில்லி அளவிலிருந்து 25 மில்லி வரை, சின்னதிலிருந்து பெரிதாக 12 முட்டை வடிவ மணிகள் ஒரு கயிற்றில் கோத்திருக்கும். ஆண்ட்ரியா பிராடர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1960களில் அறிமுகப்படுத்தியது. ஒரு கையில் மணியைத் தொட்டு, மறு கையால் விதையைத் தொட்டு, எந்த மணி பொருந்துகிறது என்று பார்ப்போம். 4 மில்லி மணி பொருந்தினால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் இல்லாமல் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். "உனக்கு ஆரம்பிச்சாச்சுப்பா, எல்லாம் சரியாத்தான் போகுது" என்று சொன்னதும் பையன் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

விதைகளுக்கு அப்புறம் விதைப்பையின் தோல் மெலிந்து, சுருக்கம் விழுந்து, நிறம் கொஞ்சம் கறுக்கும். சில மாதங்களில் உறுப்பின் அடியில் முடி எட்டிப்பார்க்கும். பிறகு உறுப்பு முதலில் நீளத்திலும் பின்னர் பருமனிலும் வளரும். விதைகள் 10 மில்லி அளவை நெருங்கும்போது உயரம் வேகம் எடுக்கும். அக்குள் முடி, வேர்வை வாடை, குரல் மாற்றம் இதையொட்டி வரும். முகத்தில் முடி மேலுதட்டின் இரண்டு ஓரங்களில் தொடங்கி நடுவில் சேரும், பிறகு கன்னம், கடைசியாகத் தாடை. முழுத் தாடி சிலருக்கு 20 வயதுக்கு மேல்தான் வரும். தொடக்கத்திலிருந்து முடிய சுமார் 4 வருஷம் பிடிக்கும்.

9 வயதில் தொடங்கினாலும் சாதாரணம், 13 முடிந்து தொடங்கினாலும் சாதாரணம் என்றால் என்ன அர்த்தம் என்று பாருங்கள். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவனுக்கு மீசை அரும்பி, தோள் அகன்று, குரல் கட்டையாகியிருக்கும். பக்கத்தில் இருப்பவன் இன்னும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பான். இரண்டு பேருக்கும் எந்தக் குறையும் இல்லை. தயவுசெய்து இவனை அவனோடு நிறுத்தி ஒப்பிடாதீர்கள், அதிலும் அவன் காதுபட.

உயரத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று படுகிறது. பெண் பிள்ளைகளுக்கு உயரம் வேகமெடுப்பது பருவத்தின் தொடக்கத்திலேயே. பையன்களுக்கு அது நடுவில், அதாவது பெண்களைவிடச் சுமார் 2 வருஷம் கழித்து. அதனால்தான் ஏழாம், எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவில் பின்வரிசையில் பெண்கள் நிற்பார்கள். அதுவரை வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போல வளர்ந்துவந்த பையன், வேகம் உச்சத்தில் இருக்கும் வருஷத்தில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளர்வான். சராசரியாக அந்த உச்சம் 13.5 முதல் 14 வயதில் வருகிறது. உங்கள் மகனுக்குக் குரல் கரகரக்க ஆரம்பித்திருப்பதால் அவன் அதன் வாசலில் நிற்கிறான், அல்லது ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டான். முதலில் நீள்வது பாதம்தான். ஸ்கூல் ஷூ ஆறு மாதத்தில் சிறிதாகிவிட்டால் உயரம் பின்னாலேயே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு கை, கால், கடைசியில்தான் உடல்பகுதி. இடைப்பட்ட காலத்தில் பையன் கையும் காலுமாக, எதையாவது தட்டிவிட்டுக்கொண்டே திரிவான். அவனுக்கே தன் கால் எங்கே முடிகிறது என்று பழகியிருக்காது. அதற்காகத் திட்டாதீர்கள்.

எவ்வளவு உயரம் வருவான் என்று தோராயமாகப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 155 என்றால் 168 வரும். இதற்கு மேலும் கீழும் சுமார் 8 சென்டிமீட்டர் போகலாம். அம்மாவும் அப்பாவும் அந்த உயரத்தில் இருந்துகொண்டு மகன் மட்டும் 183 வர வேண்டும் என்று டானிக் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. டப்பாவில் விற்கிற "உயரம் கூட்டும்" பவுடருக்கும் அந்தச் சக்தி கிடையாது. முட்டை, பருப்பு, சுண்டல், பால், மீன், கீரை, வயிறார மூன்று வேளைச் சாப்பாடு, 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம், தினமும் ஒரு மணி நேர ஓட்டம் ஆட்டம் இவைதான் வேலை செய்யும். இந்த வயதில் பையன்களுக்கும் ரத்தசோகை வருகிறது. பள்ளியில் வாரம் ஒருநாள் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பையன்களுக்கும் சேர்த்துத்தான். "அது பொம்பளப் பிள்ளைங்க மாத்திரை" என்று சொல்லித் தூக்கி எறிகிறார்கள், அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்போது மார்புக் கட்டி. டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும்போது அதில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் பெண்களின் ஹார்மோன் என்று படித்திருப்போம், ஆனால் ஆணுக்கும் அது வேண்டும். எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடி உயரம் ஒரு கட்டத்தில் நிற்பதே ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜனால்தான். ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாத மரபணுக் குறையுள்ள ஒரு 28 வயது இளைஞரைப் பற்றி 1994ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். அவர் 204 சென்டிமீட்டர் உயரம், எலும்பு இன்னும் மூடாமல் வளர்ந்துகொண்டே இருந்தார். பருவத்தின் நடுவில் கொஞ்ச நாளைக்கு இந்த இரண்டு ஹார்மோன்களின் விகிதம் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாய்ந்திருக்கும். அப்போது காம்புக்குக் கீழே பட்டன் மாதிரி ஒரு தட்டையான கட்டி வரும். ஒரு பக்கம் மட்டும் வரலாம், இரண்டு பக்கமும் வரலாம், சட்டை உரசினால்கூட வலிக்கும். பையன்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு அளவில் இது வருகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தானாகவே அமுங்கிவிடும். புற்றுநோய் இல்லை, அவன் பெண்ணாக மாறப்போவதும் இல்லை. இந்த இரண்டாவது பயத்தை எத்தனை பையன்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள் தெரியுமா? கோடையிலும் இரண்டு பனியன் போட்டு, அதற்கு மேல் சட்டை போட்டு, ஸ்கூல் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பையன் என் அறைக்குள் வந்தால், அவன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். நீச்சல், கபடி, சட்டை கழற்ற வேண்டிய எதற்கும் போக மாட்டான். "பி.டி. பீரியட்ல தலைவலின்னு உக்காந்துக்குவேன்" என்பான்.

உங்கள் மகன் கட்டியைப் பற்றி உங்களிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறானே, அதுவே நல்ல விஷயம். அந்தக் கட்டியைப் பிதுக்க வேண்டாம், அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், களிம்பு வேண்டாம். குண்டான பையன்களுக்கு மார்பில் கொழுப்பு சேர்ந்தும் இப்படித் தெரியும், அது வேறு, உடம்பு குறைந்தால் குறையும். டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டிய நிலை எது என்றால், கட்டி கல் மாதிரி கெட்டியாக இருந்தாலோ, காம்புக்கு நேர் கீழே இல்லாமல் ஓரமாக இருந்தாலோ, காம்பிலிருந்து நீர் கசிந்தாலோ, வேகமாகப் பெரிதானாலோ, பருவத்தின் வேறு எந்த அடையாளமும் தொடங்குவதற்கு முன்பே வந்தாலோ. இரண்டு வருஷம் கடந்தும் போகாமல் பையன் அதனால் ஒடுங்கிப்போயிருந்தாலும் காட்டலாம், அதற்கு அறுவை சிகிச்சை உண்டு.

குரலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, கழுத்தில் முன்பக்கம் துருத்திக்கொண்டு தெரிகிறது. சில மாதம் குரல் மேலும் கீழும் தாவும், அப்புறம் ஒரு ஸ்தாயி அளவுக்கு இறங்கி நிலைத்துவிடும். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மகரக்கட்டு வந்த, அதாவது குரல் உடைந்த, பையனுக்குப் பாட்டு வேஷம் போய்விடும் என்று கதைகதையாகச் சொல்வார்கள். பாட்டுக் கற்கும் பையனாக இருந்தால் இந்த மாதங்களில் உச்சஸ்தாயியில் கத்திப் பாட வைக்காமல், வசதியான சுருதிக்கு இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சுக்கு, மிளகு, தொண்டை மாத்திரை எதுவும் தேவையில்லை. போனில் பேசும் சொந்தக்காரர்கள் கிண்டல் பண்ணினால் அவன் பேசுவதையே குறைத்துக்கொள்வான், அதைத் தடுப்பதுதான் உங்கள் வேலை.

பெட்ஷீட் விஷயம். விதைகள் விந்தணுவைத் தயாரிக்கத் தொடங்கியதும், சில இரவுகளில் தூக்கத்திலேயே விந்து தானாக வெளியேறும். பழைய ஆட்கள் சொப்பன ஸ்கலிதம் என்பார்கள். பெரும்பாலும் 13, 14 வயதில் முதல் தடவை நடக்கும். சிலருக்கு மாதத்துக்கு நாலைந்து தடவை, சிலருக்கு எப்போதாவது, சிலருக்கு நடக்காமலே போகும். எல்லாமே சாதாரணம். அவன் கெட்ட சகவாசத்தில் இருக்கிறான் என்பதற்கு அது சாட்சி இல்லை. காலையில் எழும்போது உறுப்பு விறைத்திருப்பதும் இப்படித்தான், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் கைக்குழந்தையிலிருந்து முதியவர் வரை எல்லா ஆண்களுக்கும் நடப்பது. யாரும் முன்கூட்டிச் சொல்லாத பையன் முதல் தடவை ஈரத்தைப் பார்த்ததும் ஒன்று படுக்கையில் சிறுநீர் போய்விட்டோம் என்று நினைப்பான், இல்லையென்றால் ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைப்பான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. "இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்கும் நோட்டீஸை நம் ஊர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டு விந்து என்பது நூறு சொட்டு ரத்தம், அது போனால் உடம்பு உருகிவிடும், ஞாபகசக்தி போய்விடும், கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடுவாய் என்று லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியர்கள் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். இதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. விந்தின் பெரும்பகுதி விந்துப் பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம், அதில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. ரத்தம் அதற்காகச் செலவாவதில்லை, வெளியேறியது மறுபடி ஊறிவிடும். சுய இன்பப் பழக்கத்தாலும் நரம்பு தளராது, கண் குழி விழாது, பரு வராது, உயரம் நிற்காது. இந்தப் பயத்தால் சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை என்று உண்மையிலேயே நோயாளியாகிப்போகிறவர்கள் நம் நாட்டில் அதிகம். 1960லேயே மனநல மருத்துவர் என். என். விக் இதற்குத் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். தாது நஷ்டம் என்கிறோமே, அந்தத் தாதுதான். ஆண்மையைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. சட்டம் இருந்தும் சுவரொட்டி இருக்கிறது. இந்த லேகியங்களில் ஸ்டீராய்டோ ஈயம், பாதரசம் போன்ற உலோகமோ கலந்திருந்தால் சிறுநீரகமும் கெடும். ஆகவே அந்த நோட்டீஸ் உங்கள் மகன் கண்ணில் படுவதற்கு முன்னால் உண்மை அவன் காதில் விழ வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பயப்பட வேண்டாம் என்பதற்கு. பயந்து ஓட வேண்டியது ஒன்று இருக்கிறது. விதையில் திடீரென்று கடுமையான வலி.

விதை ஒரு தண்டில் தொங்குகிறது, அதற்கு ரத்தம் அந்தத் தண்டு வழியாகத்தான் போகிறது. பருவ வயதில் சில பையன்களுக்கு விதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அந்தத் தண்டை முறுக்கிவிடும். விளையாடும்போது நடக்கலாம், ஒன்றுமே செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் நடக்கலாம். ரத்தம் நின்றுவிடும். முதல் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போக வாய்ப்பு குறைந்து, ஒரு நாள் ஆகிவிட்டால் எடுத்துவிட வேண்டிய நிலைமைதான் பெரும்பாலும். இதில் கொடுமை என்னவென்றால், வலி பல நேரம் அடிவயிற்றில் தெரியும், வாந்தி வரும். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்வான். வீட்டில் ஓமத் தண்ணீர், கேஸ் மாத்திரை, அப்புறம் விளக்கெண்ணெய். மறுநாள் சாயங்காலம் ஒரு பையன் காலை அகட்டி அகட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் நடந்து வந்தான். வயிற்றில் கைவைத்தால் மிருதுவாக இருந்தது. டிராயரை இறக்கச் சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டான். ஒரு பக்கம் சிவந்து, வீங்கி, மேலே ஏறி நின்றது. அவனுக்கு ஒரு விதையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மீதி ஒன்று போதும், அவனுக்கு நாளை குழந்தை பிறக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முந்தின நாள் ராத்திரி அவன் வாயில் ஒரு வார்த்தை வந்திருந்தால் இரண்டும் இருந்திருக்கும்.

அதனால் வேறு எதைப் பேசக் கூச்சமாக இருந்தாலும், இந்த ஒன்றை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "அந்த இடத்துல திடீர்னு ரொம்ப வலிச்சா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் என்னை எழுப்பு. நான் எதுவும் கேக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்." பையன் வயிற்று வலி என்று துடித்தால் நீங்களும் கேளுங்கள், "கீழ வலிக்குதா?" என்று. வலி வந்தால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஸ்கேனுக்குக் காத்திருந்து காலையில் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு விதை மற்றதைவிடக் கொஞ்சம் கீழே தொங்குவது இயல்பு, பெரும்பாலும் இடது. ஆனால் பையில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இத்தனை நாள் காட்டாததை இப்போதாவது காட்டிவிட வேண்டும். இடது பக்கம் புழுக்கூட்டம் மாதிரி நரம்பு புடைத்துத் தெரிந்தாலும் ஒருமுறை காட்டுங்கள், அவசரமில்லை. முன்தோல் முழுசாகப் பின்னுக்குப் போகாத பையன்கள் இந்த வயதிலும் உண்டு, வருஷங்களில் தானாகத் தளரும். பலவந்தமாக இழுக்கக் கூடாது. பின்னுக்குப் போகிற அளவுக்குத் தள்ளி, தண்ணீரில் கழுவி, மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னுக்குப் போய் மாட்டிக்கொண்டு வீங்கினால் உடனே மருத்துவமனை. உறுப்பு சின்னதாக இருக்கிறது என்று குண்டான பையன்களை அழைத்துவரும் பெற்றோர் அதிகம். அநேகமாக அது அடிவயிற்றுக் கொழுப்புக்குள் புதைந்திருக்கும், அளவு சரியாகவே இருக்கும்.

பருவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை சாதாரண சோப்பு போட்டு முகம் கழுவினால் போதும். தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதனாலும் நெற்றியில் பரு வரும். நிறைய இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், மருந்து பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் "சிவப்பாக்கும்" களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், அவை முதலில் பளிச்சென்று காட்டிவிட்டுப் பிறகு முகத்தையே கெடுத்துவிடும். தொடையிடுக்கில் அரிப்பும் படையும் வந்தாலும் அதே எச்சரிக்கைதான். நனைந்த ஜட்டியோடு, இறுக்கமான ஜீன்ஸோடு திரியாமல், பருத்தி உள்ளாடை, வெயிலில் காய்ந்த துணி, தினம் இரண்டு குளியல் என்று இருந்தால் பாதி குறையும்.

ஜிம்முக்குப் போனால் உயரம் நின்றுவிடும் என்பது தவறு. சரியாகச் சொல்லித்தரும் ஆள் இருந்தால் உடற்பயிற்சி நல்லது. ஆனால் அங்கே யாராவது ஊசி, மாத்திரை என்று ஆரம்பித்தால் அந்த ஜிம்மை விட்டு விலக்குங்கள். வெளியிலிருந்து போடும் ஆண் ஹார்மோன் எலும்பின் வளர்ச்சித் தட்டைச் சீக்கிரம் மூடிவிடும், விதைகளையும் சுருக்கிவிடும். பிராய்லர் கோழி தின்பதால்தான் பிள்ளைகள் சீக்கிரம் பருவமடைகிறார்கள் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கோழி சீக்கிரம் வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும்தான், ஹார்மோன் ஊசியால் இல்லை. பிள்ளையின் உடல் எடைக்கும் பருவ வயதுக்கும்தான் தொடர்பு தெரிகிறது.

வயதைப் பற்றி இரண்டு எல்லைகளை மட்டும் மனதில் வையுங்கள். 9 வயதுக்கு முன்னால் விதையோ முடியோ வளர்ந்தால் கட்டாயம் காட்ட வேண்டும், பையன்களில் அதற்கு ஏதாவது காரணம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். 14 முடிந்தும் விதைகள் வளரத் தொடங்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும். பின்னதில் பெரும்பாலும் குடும்ப வாகுதான் காரணம், அப்பாவோ மாமாவோ பத்தாம் வகுப்பு வரை குட்டையாக இருந்து, காலேஜ் போனதும் திடீரென்று வளர்ந்திருப்பார். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தால் இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்று தெரியும்.

சரி, எப்படிப் பேசுவது? அம்மா பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. உட்காரவைத்து முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினால் இருவருக்கும் சங்கடம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது பேசுங்கள். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம், இரண்டு மூன்று வாக்கியம் போதும். "பெட்ஷீட் ஈரமாறது இந்த வயசுல நிறையப் பசங்களுக்கு நடக்கிறதுதான், உங்கப்பாவுக்கும் நடந்திருக்கும். மெஷின்ல போட்டுடு, நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அவன் பதில் சொல்ல மாட்டான், ஆனால் கேட்டிருப்பான். அப்பா வீடியோ காலில் தனியாகப் பேசட்டும், அவருக்கு அந்த வயதில் என்ன நடந்தது என்று சொல்லட்டும். ஷேவிங் பற்றி அவர் சொல்வது நல்லது, இல்லையென்றால் தாய்மாமன். குளியலறைக்கு நல்ல தாழ்ப்பாள், அவனுக்கென்று ஒரு துண்டு, ஒரு அலமாரி. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். எரிந்து விழுவான், மறுநிமிஷம் மடியில் வந்து படுப்பான், இரண்டும் அவன்தான். ராத்திரி தூக்கம் தள்ளிப்போவதும் இந்த வயதின் உடல் மாற்றம்தான், அதனால் போனை மட்டும் படுக்கைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. யாராவது அவன் உடம்பைத் தொட்டாலோ, போனில் அந்தரங்கப் படம் கேட்டாலோ உங்களிடம் வரலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பையன்களுக்கும் இது நடக்கிறது. 2012ன் போக்சோ சட்டம் பையன்களையும் சேர்த்தே காக்கிறது, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அவனே கூப்பிடலாம்.

டாக்டரிடம் போகும்போது அவன் உயரம் ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு இருந்தது என்று பள்ளி ரெக்கார்டிலோ பழைய சீட்டிலோ இருந்தால் எடுத்துப்போங்கள், உங்கள் இருவரின் உயரமும் வேண்டும், அவன் அப்பாவுக்கு எந்த வயதில் மீசை வந்தது, எப்போது உயரம் எடுத்தார் என்றும் கேட்டு வையுங்கள். என்ன பரிசோதனை நடக்கும் என்று வழியிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். பரிசோதிக்கும்போது நீங்கள் அறையில் இருக்க வேண்டுமா, ஸ்கிரீனுக்கு வெளியே நிற்க வேண்டுமா என்பதை அவனே சொல்லட்டும். அதன்பின் ஐந்து நிமிஷம் அவன் டாக்டரிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள்.